படம் வராத அறிவிப்பு

“பரீட்சை நேத்தே முடிஞ்சுபோச்சே அக்கா,” என்றார் பள்ளிக் காவல்காரர் டென்சியோ. சொல்லிவிட்டு, கேட்டைப் பிடித்தபடி என் மகளின் வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். விடிகாலையில் கரிப்பெட்டி போட்டு நான் தேய்த்துக் கொடுத்த சட்டை அது.

“விளையாடாதீங்கண்ணே. சனிக்கிழமைன்னுதானே சொன்னாங்க?”

“வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டாங்க. புயல் வருதுன்னு கப்பலை நிறுத்திட்டா, பரீட்சை வைக்க வந்த நகரத்துக்காரங்க திரும்பிப் போக முடியாதுல்ல? டீச்சர் எல்லாருக்கும் போன்ல அனுப்பினாங்களே.”

மகள் ரியாலினைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஆச்சரியமும் இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது.

நகரத்து அறிவியல் பள்ளிக்கான தேர்வு அது. எங்கள் பக்கத்துத் தீவுகளிலிருந்து வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகளை எடுப்பார்கள். தங்க இடம், மூன்று வேளைச் சோறு, படிக்க ஒரு மடிக்கணினி, எல்லாம் அவர்களே தருவார்கள். இந்த வருஷம் எடுத்தால் உண்டு, அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். படகுத்துறையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறவள் நான். என் மகள் என் பக்கத்தில் நின்று சீனிப்பாகு ஊற்றக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

ஆப்ரெனிகா டீச்சர் நல்லவேளையாக வகுப்பறையில்தான் இருந்தார். புயலுக்கு முன்னால் புத்தகங்களை மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

“நேத்து முழுக்க உன்னைத்தான் தேடினேன், ரியாலின். போன்கூடப் பண்ணினேன், போகல. நீ வராம இருப்பேன்னு என்னால நம்பவே முடியல.” தன் போனை எடுத்து என்னிடம் காட்டினார். வகுப்புக் குழுவில் அவர் அனுப்பிய அறிவிப்பு, பள்ளி முத்திரையோடு, தேதி சிவப்பில், படமாக இருந்தது. அதன் கீழே முதல் பதில் என் மகளுடையது. ‘பார்த்துட்டேன் டீச்சர்.’ அதற்குக் கீழே வரிசையாக எல்லாப் பிள்ளைகளும் அதையே போட்டிருந்தார்கள். டீச்சர் எது அனுப்பினாலும் அப்படித்தான் போடுவார்கள். போடாவிட்டால் மரியாதைக் குறைவு.

“பார்த்துட்டு வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?” என்றேன். “சனிக்கிழமை சனிக்கிழமைன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். ஏண்டி சொல்லல?”

அவள் பெஞ்சில் உட்கார்ந்து காலணியைப் பார்த்தாள்.

டீச்சர் என்னைச் சன்னல் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். “மறுபரீட்சை கேக்க வழி இருக்கும்மா. உடம்பு சரியில்லன்னா, வீட்ல ஒரு சாவுன்னா, ஒத்துக்குவாங்க. காய்ச்சல்னு எழுதித் தாங்க. சுகாதார நிலையத்துல எனக்குத் தெரிஞ்ச பொண்ணு இருக்கா, சீட்டு வாங்கித் தரேன்.”

“காய்ச்சல்தான் டீச்சர்,” என்றேன், மூச்சு விடாமல். “நெருப்பாக் கொதிச்சுது. கஞ்சிகூட இறங்கல.”

“எனக்குக் காய்ச்சல் இல்ல டீச்சர்,” என்றாள் ரியாலின் பின்னாலிருந்து. “படம் வரல.”

எங்கள் போன்களில் காசு போடாமலே செய்தி பார்க்க ஒரு வழி உண்டு. எழுத்து வரும். படம் வராது, அந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம் மட்டும் இருக்கும். காசு போட்டால் வைஃபை தருகிற பெட்டி ஒன்று கடை வாசலில் இருந்தது. இந்த வாரம் அது கெட்டுப்போய்க் கிடந்தது. போனுக்கு டேட்டா போடச் சொல்லி அவள் கேட்டபோது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றவள் நான்தான்.

“வரலன்னா ஏன் பார்த்துட்டேன்னு போட்ட?” டீச்சர் கேட்டார். திட்டவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

“எப்பவும் அப்படித்தான் போடுவேன். அப்புறமா பெட்டிக்குப் போய்ப் பார்த்துக்குவேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “என்ன எழுதியிருக்குன்னு குழுவுல கேட்டா, டேட்டா போட வக்கில்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.”

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் அந்தப் பதில்களை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இதுல இன்னும் யாருக்கெல்லாம் படம் வராது?”

ரியாலினுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அவள் யார் பெயரையும் சொல்லவில்லை.

“படம் வரலைங்கறதை அவங்க காரணமா எடுத்துக்க மாட்டாங்களேம்மா,” என்றார் டீச்சர், பாதி என்னிடம், பாதி தனக்குள்.

“காய்ச்சல்னே எழுதுங்க டீச்சர்,” என்றேன். “இவ சின்னப்பிள்ளை, விவரம் இல்லாம பேசுறா. நான் கையெழுத்துப் போடறேன்.”

“அம்மா, வேணாம்மா.”

“நீ சும்மா இரு. உண்மையைச் சொன்னா நாளைக்குப் பாகு ஊத்த வேண்டியதுதான்.”

டீச்சர் ஒரு தாளை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். எழுதவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டென்சியோ வந்து நின்றார். அவருக்குப் பின்னால், அடுத்த தீவிலிருந்து நனைந்துகொண்டே வந்த ஒரு மனிதரும், ரியாலினின் வகுப்பில் படிக்கிற அவர் மகளும். பெண்ணின் தலை படிய வாரியிருந்தது. பென்சில் டப்பாவையும் காலணிகளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். டென்சியோ எங்களிடம் சொன்னதை இவர்களிடம் சொல்லவில்லை. டீச்சரையே பார்த்தார்.

“மன்னிச்சுக்கங்க டீச்சர்,” என்றார் அந்த மனிதர், தொப்பியைக் கழற்றியபடி. “அலை ஜாஸ்தி, படகு கிளம்பவே நேரமாயிடுச்சு. பரீட்சை ஆரம்பிச்சிட்டாங்களா? எந்த ரூமுக்குப் போகணும்?”

ரியாலின் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அந்தப் பெண் வந்து உட்கார்ந்து, பாதத்தைத் துடைத்துக் காலணிகளை மாட்டினாள். டப்பாவைத் திறந்து, சீவிய பென்சில்கள் இரண்டை மேசைமேல் நேராக வைத்துவிட்டு, வினாத்தாளுக்காக டீச்சரைப் பார்த்தாள்.