மணப்பெண்ணும் பிச்சைக்காரியும்

சுகா பால்கா கிராமத்தில் குழாய் வேலை பார்த்துவந்த யூகிம், தன் அறுபத்திரண்டாவது வயதில் பீரங்கி செய்ய ஆரம்பித்தார். அதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. கழிவுநீர்க் குழாய் ஒன்றுக்குப் பச்சை வண்ணம் அடித்து இரண்டு டிராக்டர் சக்கரங்களுக்கு நடுவில் சாய்த்து வைத்தால், ஆயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் எதிரியின் ட்ரோனுக்கு அது பீரங்கி. நாற்பது வருஷம் அந்த ஊர்க் கழிவறைகளுக்குக் குழாய் போட்டிருக்கிறார். ஒருவர்கூட நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. அவருடைய கைவேலையை முதன்முதலில் மதித்தவன் எதிரிதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெடி ட்ரோனை அனுப்பி மரியாதை செய்தான்.

அவர் செய்ததிலேயே அழகானவளுக்கு மணப்பெண் என்று பெயர். போரின் இரண்டாவது கோடையில் பிறந்தவள். ஆறு முறை செத்து ஏழு முறை பிறந்தாள். எதிரியின் காணொளிகளில் ஆறு பீரங்கிகள் எரிந்தன, ஆறும் அவள்தான். சக்கரத் தடம் மண்ணில் ஆழமாக விழவில்லையென்றால் மேலிருந்து பார்ப்பவனுக்குச் சந்தேகம் வரும் என்று அடிச்சட்டத்தில் கான்கிரீட் ஊற்றினார். சூடு தெரிய வேண்டும் என்று வயிற்றில் ஒரு விறகடுப்பு வைத்தார். ஆள் புழங்கும் இடமாகத் தெரிய ஒரு கெண்டி, ஒரு ஜோடி பூட்ஸ், கொடியில் ஒரு நீலக்கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டை அவருடைய மருமகன் ஸினோவியினுடையது. வீட்டுக் கொடியிலிருந்து அவர்தான் உருவிக்கொண்டு போனார். மகள் சொலோமியா அதைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டதாக முடிவு செய்து, ஆட்டுக்காரியோடு இன்றுவரை பேசுவதில்லை.

மணப்பெண்ணைச் சோதனையிட வந்த ஒரு கர்னல், குழலைச் சரியாகத் துடைப்பதில்லை என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். ஒரு நாரை குழாய் வாயில் கூடு கட்ட வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பீரங்கியென்று பயந்து போலந்துப் பக்கமாகப் பறந்துவிட்டது. நாரை விஷயத்தை யாரும் நம்புவதில்லை. கர்னல் விஷயத்தை எல்லோரும் உடனே நம்புகிறார்கள்.

இதெல்லாம் யூகிம் விளையாட்டுக்குச் செய்யவில்லை. மணப்பெண் நின்ற அதே மரவரிசையில், நானூறு மீட்டர் தள்ளி, நிஜப் பீரங்கி ஒன்று நின்றது. அதைச் சுடுகிறவன் ஸினோவி. மணப்பெண்மேல் விழும் ஒவ்வொரு ட்ரோனும் ஸினோவிமேல் விழாத ட்ரோன். யூகிமின் கணக்கு அவ்வளவுதான். சொலோமியா அதை இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருந்தாள். "அப்பா, நீ என்ன தில்லுமுல்லு வேணா பண்ணு. அவரை முழுசா எங்கிட்ட கொண்டாந்து சேத்துடு."

மூன்றாவது வசந்தத்தில் எதிரிக்குப் புத்தி வந்துவிட்டது. அவசரப்பட்டு அடிக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்து, நிஜம் எது என்று தேட ஆரம்பித்தான். ஸினோவி ஒரு மதியம் முன்வரிசையிலிருந்து கிராமத்துக்கு வந்து, யூகிமின் பட்டறையாக மாறிவிட்ட தானியக் கொட்டகையில் உட்கார்ந்து போர்ஷ் குடித்தான்.

"மாமா, உங்க பொண்ணு மேல அவனுகளுக்கு ஆசை குறைஞ்சு போச்சு."

"எந்தப் பொண்ணு?"

"கான்கிரீட் ஊத்தினது. பக்கத்து பீரங்கி அணியில ஒரே வாரத்துல ரெண்டு போயிடுச்சு. ஏழு பேரு. அடுத்தது நாங்கதான்னு பசங்க பந்தயமே கட்டியாச்சு."

"நீ எவ்ளோ கட்டுன?"

"நான் ஜெயிச்சா வாங்கிக்க ஆள் இருக்க மாட்டேனே மாமா."

"சூப்பைக் குடி. ஆறுது."

அவன் குடித்து முடிக்கும்வரை யூகிம் அவன் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவன் இப்ப நிஜத்தைத் தேடுறான், இல்ல? அப்ப நிஜத்தைப் பொய்யாக்கிடுவோம். என் கையாலயே, கேவலமா, பாக்குறவன் காறித் துப்புற மாதிரி ஒரு பொய்யா."

கேப்டன் ஹோர்டிய் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்ல பீரங்கிய அசிங்கம் பண்ணணும்னு கேக்குறீங்களே பெரியவரே, மனசாட்சி இருக்கா?"

"நாப்பது வருஷமா அசிங்கத்துலதான் வேலை. அனுபவம் இருக்கு."

இரண்டு நாளில் முடித்தார். இரும்புக் குழலின்மேல் பாதியாகப் பிளந்த கழிவுநீர்க் குழாயைப் போர்த்தி, நடுவில் தொய்ந்து தெரியும்படி கட்டினார். பக்கவாட்டில் கோணல் பலகைகள், வெளியே நீட்டிக்கொண்டு நான்கு ஆணிகள். ஒரு சக்கரத்துக்கு மட்டும் குழந்தை வரைந்ததுபோல் வெள்ளை வட்டம். பிச்சைக்காரி என்று பெயர் வைத்தார். ஸினோவி அவளைப் பார்த்துவிட்டு, "இதைச் சுட எனக்கே வெக்கமா இருக்கு மாமா" என்றான். விஷயம் கேப்டன், ஸினோவி, அவனோடிருந்த இரண்டு பேர், யூகிம், ஐந்து பேரைத் தாண்டக் கூடாது என்று உத்தரவானது.

நாற்பத்தொரு நாள் பிச்சைக்காரி சுட்டாள். நாற்பத்தொரு நாளும் எதிரியின் ட்ரோன்கள் அவள்மேல் வந்து நின்று, பார்த்து, போய்விட்டன. ஒருவன் அவளைப் படமெடுத்து, இவர்களிடம் இப்போது மரம் செதுக்கக்கூட ஆளில்லை என்று சிரித்து வெளியிட்டான். யூகிமுக்கு அது கொஞ்சம் வலித்தது. மணப்பெண் மேலும் இரண்டு முறை செத்தாள். சொலோமியாவின் முகத்தில் சதை பிடித்தது.

ஏப்ரலில் ஒரு காலை, மரவரிசையை விட்டுப் பின்வாங்க உத்தரவு வந்தது. பனிமூட்டம் பால் போலக் கிடந்தது. எதிரி கிளப்பிவிட்ட அலை இரைச்சலில் வயர்லெஸ் செத்துப்போயிருந்தது. பீரங்கியை இழுத்துவர லாவ்ரின் என்கிற ஓட்டுநரின் கவச வண்டி போயிற்று; கொக்கி மாட்ட நாசார் கூடப் போனான். லாவ்ரினிடம் கேப்டன் சொன்னது ஒரே வரி: "அங்க ரெண்டு நிக்குது, ஒண்ணு மரம். மரத்தை விட்டுட்டு இரும்பைக் கொண்டா." போலி எதுவானாலும் படையில் அதற்கு மரம் என்றுதான் பேர்; அதற்குமேல் விளக்க அவருக்குத் தோன்றவில்லை. மற்ற எட்டு இடங்களிலும் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்கு வண்டி கொட்டகை வாசலில் வந்து நின்றது. லாவ்ரின் மேல்மூடியைத் திறந்து எழுந்தான். கண்ணைத் தவிர முகம் முழுக்கச் சேறு.

"பெரியவரே! கொண்டாந்துட்டேன்! ஒரு கீறல் இல்ல பாருங்க!"

யூகிம் பின்னால் போய்ப் பார்த்தார். சேறு வழிய, கம்பீரமாக, மணப்பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கவாட்டில் கொடியோடு சுற்றிக்கொண்டு வந்த நீலக்கட்டம் போட்ட சட்டை ஒட்டியிருந்தது. வண்டியின் பின்தளத்தில் தார்ப்பாய் ஒன்று, நீளவாக்கில்.

"நாசார் எங்க?"

லாவ்ரின் தார்ப்பாய்ப் பக்கம் திரும்பவில்லை. "கொக்கிய மாட்டிட்டு நிமிந்தான். அவ்ளோதான். நிமிந்திருக்கவே வேணாம்." இறங்கி வந்து மணப்பெண்ணின் சக்கரத்தைத் தட்டினான். "ஆளுங்க யாரும் இல்ல அங்க. சட்டை தொங்குது, கெண்டி இருக்கு, ஆளக் காணோம். முன்னாடியே போயிட்டாங்க போல. ஆனா பீரங்கி வந்துடுச்சு. அவன் சும்மா ஒண்ணும் போகல பெரியவரே. என்ன?"

யூகிம் ஊரறிந்த பொய்யர். பொய்க்காகப் படைத்துறை அவருக்குச் சம்பளமே கொடுத்தது. அந்த ஒரு காலை ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருந்தால், நாசார் பீரங்கிக்காகச் செத்தவனாகவே இருந்திருப்பான். ஆனால் ஸினோவி இன்னும் அங்கே இருந்தான். பீரங்கியை விட்டுவிட்டு வருகிறவன் இல்லை அவன்.

அவர் இடுப்பிலிருந்த திருகுளியை எடுத்து மணப்பெண்ணின் குழலில் ஒரு கோடு கிழித்தார். பச்சைக்கு அடியில் கழிவுநீர்க் குழாயின் ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

லாவ்ரின் அதைத் தொட்டுப் பார்த்தான். விரல் முட்டியால் தட்டினான். உள்ளே ஒன்றுமில்லை என்று சத்தம் வந்தது.

"கனமா இருந்துச்சே."

"கான்கிரீட் ஊத்தினேன்."

"எதுக்கு?"

"தடம் ஆழமா விழணும்னு."

"நல்லா விழுந்துச்சு," என்றான் லாவ்ரின். திரும்பி, வந்த தடத்தைப் பார்த்தான். "அப்ப அங்க, முன்னாடி, ஆணியும் பலகையுமா ஒரு கருமம் நின்னுச்சே. நாசார் அதைப் பாத்து சிரிச்சானே. அது?"

"அதுதான் பீரங்கி."

அடிப்பான் என்று யூகிம் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். லாவ்ரின் நாசாரை இறக்கி கொட்டகைக்குள் கிடத்தி, மணப்பெண்ணைக் கழற்றிவிட்டு, வண்டியில் ஏறினான். யூகிமும் பின்னாலேயே ஏறினார்.

"அது நாசார் சீட்டு."

"தெரியும். கொக்கி மாட்ட ஆள் வேணும்ல."

பனி அங்கங்கே கிழிய ஆரம்பித்திருந்தது. மரவரிசையின் முதல் இடைவெளியில் பிச்சைக்காரி அப்படியே நின்றாள். தொய்ந்த குழாய், வெள்ளை வட்டம், ஆணி. பதுங்கு குழியிலிருந்து, ஸினோவியோடிருந்த இரண்டு பேர் தலையை நீட்டினார்கள். யூகிம் மூன்றாவது தலைக்காகக் காத்திருந்தார்.

"கோர்னிய், எங்கடா என் மாப்பிள்ளை?"

கோர்னிய் மணப்பெண் நின்ற பக்கம் போகும் பாதையைக் காட்டினான். "மேல ட்ரோன் சத்தம். அதான் குழியிலயே இருந்தோம். வண்டி எங்கள தாண்டிப் போச்சு, திருப்பிக்கிட்டு வரும்னு உக்காந்திருந்தோம். பாத்தா மணப்பெண்ண இழுத்துட்டு அந்தக் கடைசி வழியாவே போகுது. ஸினோவி வெளிய ஓடிட்டான். 'டேய், அது கக்கூஸ் குழாய்டா, டேய்'னு கத்திக்கிட்டு, ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு. முதல்ல சிரிச்சுக்கிட்டேதான் ஓடினான் பெரியவரே. அந்த இடத்துல பாத்து பனி மெலிசு."

லாவ்ரினுக்கு எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்க வழியில்லை. இப்போது கேட்டுக்கொண்டான்.

யூகிம் கொக்கியை மாட்டினார். குழாய் மாட்டிப் பழகிய கை; ஒரே முறையில் மாட்டியது. ஸினோவியைப் பின்தளத்தில் ஏற்றினார்கள். முழுதாகத்தான் இருந்தான், அது ஒன்று. திரும்பும் வழியில் பனி முழுதாக விலகியது. ஒரு ட்ரோன் வந்து தலைக்குமேல் நின்றது. வண்டியைப் பார்த்தது, அதன் வாலில் ஆடிக்கொண்டு வரும் பலகைகளையும் குழாயையும் பார்த்தது. பிறகு போய்விட்டது.

"ஏன் அடிக்கல?" என்றான் லாவ்ரின்.

"குப்பையத்தான இழுக்குறோம்," என்றார் யூகிம். ட்ரோனின் பேட்டரி தீர்ந்தும் போயிருக்கலாம். அவருக்கு அப்படி நினைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை.

பிச்சைக்காரிக்கு ஒரு கீறல் இல்லை. கேப்டன் வந்து அவளைச் சுற்றிப் பார்த்து, யூகிமின் தோளில் கை வைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்.

சொலோமியா மறுநாள் மதியம் கொட்டகைக்கு வந்தாள். ஸினோவியைக் கழுவி உடுத்திப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கருப்பு முக்காடு நெற்றிவரை இறங்கியிருந்தது. கொட்டகையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. லாவ்ரின் கடப்பாரையால் பிச்சைக்காரியின் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். அந்த வேலையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அவரோடது எது?" என்று கேட்டாள்.

யூகிம் கையைத் தூக்குவதற்குள் அவளே போய்விட்டாள். பிச்சைக்காரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணப்பெண்ணின் பக்கவாட்டில் காய்ந்து ஒட்டியிருந்த சட்டையை உரித்து எடுத்து, காலரைத் திருப்பி, தான் போட்ட தையலைப் பார்த்தாள்.

"ஆடு தின்னுடுச்சுன்னு நெனச்சேன்ப்பா. இவரு எடுத்துட்டு வந்திருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

கடப்பாரைச் சத்தம் நின்றது. லாவ்ரின் யூகிமைப் பார்த்தான்.

"எவ்ளோ நல்லா வச்சிருக்காருப்பா," என்றாள் அவள், பச்சைக் குழலைத் தடவிக்கொண்டே. "வீட்டுல ஒரு ஸ்டூல துடைக்க மாட்டாரு."

"ஆமாம்மா. நல்லா வச்சிருந்தான்."

அவள் குழலில் நெற்றியைச் சாய்த்தாள். யூகிம் மெல்ல அந்தப் பக்கமாக நகர்ந்து, திருகுளியால் தான் கிழித்த கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு நின்றார். அவள் நிமிர நேரமாயிற்று. அவர் கையை எடுக்கவில்லை.