கதவு காத்த கோல்கீப்பர்

கல்லூரி ஐஸ் ஹாக்கி அணியில் நான்கு வருடம் கோல்கீப்பர் என்றால் எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. எத்தனை கோல் தடுத்தாய் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. நான் காத்தது வலையை இல்லை, மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் கதவை. ஆட்டக்காரன் மூச்சு வாங்க வந்தால் தாழ்ப்பாளைத் தூக்கி உள்ளே விட வேண்டும், அடுத்தவனை வெளியே அனுப்ப வேண்டும். மிச்சிகனின் வடகோடியில் இரண்டாவது கோல்கீப்பரின் பிழைப்பு இதுதான். சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஒரே ஒரு தடுப்பு. புள்ளிவிவரத்தில் என் பெயருக்கு நேரே ஒன்று என்று விழுந்தால் போதும்.

கடைசி வருடத்துப் பையன்களைக் கௌரவிக்கும் ஆட்டம். அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பும். முடியப் போகிற நேரத்தில் கோச் சார்வெலா என் பக்கம் திரும்பினார்.

"ஹாக்லண்ட், உங்கம்மா ஆட்டுற மாட்டு மணியில என் காதே போச்சு. போய் நில்லுடா."

"நிஜமாவா கோச்?"

"ஆறு கோல் முன்னாடி இருக்கோம். நீயே நெனச்சாலும் தோக்க முடியாது. போ!"

முதல் கோல்கீப்பர் ப்ருலே வந்து, கதவோரம் என் இடத்தில் உட்கார்ந்தான். மேல்வரிசையில் அம்மாவின் மணி அலறியது. இரண்டு கம்பத்தையும் தட்டிவிட்டுக் குனிந்து நின்றேன். ஒருத்தனும் வரவில்லை. என் ஆட்கள் பாசத்தில் என்னைப் பாதுகாத்துத் தொலைத்தார்கள்! பந்துக்குப் பதிலான அந்த ரப்பர் வட்டு எதிர்முனையிலேயே சுற்றியது.

"ஒருத்தனையாவது விடுங்கடா பாவிகளா!" என்று முகமூடிக்குள் கெஞ்சினேன்.

அந்த முனையில் யாரோ யாரையோ இடறிவிட, நடுவரின் கை மேலே போனது. தப்பு எதிரணியுடையது என்றால், அவர்கள் வட்டைத் தொடும்வரை ஆட்டம் நிற்காது. அதற்குள் கோல்கீப்பர் வலையை விட்டு ஓடிவந்து, பதிலுக்கு இன்னொரு ஆட்டக்காரனை இறக்கலாம். பயிற்சியில் ஊறிப்போன சங்கதி. விழுந்தடித்து ஓடினேன். அங்கே அவர்கள் கோல்கீப்பரும் ஓடிக்கொண்டிருந்தான். இவன் எங்கே போகிறான், லூசு என்று சிரிப்புகூட வந்தது.

"கதவத் திறடா ப்ருலே!"

"இது எப்படிடா திறக்கும்?"

"நகரு நீ!"

வெளியிலிருந்தே எட்டித் தாழ்ப்பாளைத் தூக்கி, உள்ளே பாய்ந்து, ஒருவனை வெளியே தள்ளினேன். கச்சிதமான வேலை.

கோச் தலையில் கை வைத்தார். "அட மடையா! இடறிவிட்டது நம்ம பயடா!"

எதிரணிக்காரன் ஒருவன் அந்த முனையிலிருந்தே வட்டைத் தட்டிவிட்டான். அது அவசரமே இல்லாமல் வழுக்கி வந்தது. கைக்குழந்தைகூடக் காலால் நிறுத்தியிருக்கும். நான்கு வருடம் நான் காத்திருந்த வட்டு, காலி வலைக்குள் போவதைக் கதவைப் பிடித்தபடி பார்த்தேன்.

காலி வலையில் விழுந்த கோல் கோல்கீப்பர் கணக்கில் ஏறாது. தடுப்பும் இல்லை, கோலும் இல்லை.

வெளியே பனியில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியாடா? நாலு வருசத்துல ஒருத்தனாலயும் உம்மேல ஒரு கோல் போட முடியல!"

அவளுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டேன்.