பற்றறிக்கு மழைத்தண்ணீர்

பாலசிங்கத்தின் ஒஸ்ரின், காரைநகரில் நாலு பேர் நம்பி ஏறுகிற வாடகைக் கார். அதன் பற்றறிக்கு அவன் கிணற்றுத் தண்ணீரைக் காட்டுவதே இல்லை. தீவுக் கிணறுகளில் உப்பு. அது உள்ளே போனால் தகடுகள் செத்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்க யாழ்ப்பாணம் போகவேண்டும். அந்த அலைச்சல் அவனுக்கு இல்லாமற் செய்தவள் பக்கத்து வளவு இராசமணியக்கா.

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து வானத்து ஊத்தையைக் கழுவியபிறகு, மூன்றாம் நாள் அவள் முற்றத்தில் நாலு தடி ஊன்றி ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டுவாள். நடுவில் கழுவிய கல் ஒன்று. கல்லின் பாரத்தில் துணி குழிந்து, மழை கீழே வைத்த சாடிக்குள் வடியும். குடிக்கவும் மருந்து கரைக்கவும் சேர்ப்பதுதான் அது. ஆனாலும் அதில் மாதம் ஒரு போத்தல் காருக்கு. இரு வளவுக்கும் நடுவே வேலியில் ஓர் ஆள் நுழையக்கூடிய பொட்டு இருந்தது. அதற்குள்ளால் குனிந்து வந்து, "தம்பி, உன்ரை குதிரைக்குத் தண்ணி" என்று வைத்துவிட்டுப் போவாள். கைமாறு கேட்டதில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் காரின் முன்விளக்குகள் மங்கின. டைனமோவிலிருந்து பற்றறிக்குப் போகும் மின்சாரத்தை அளந்துவிடுகிற கட்டவுட் பெட்டியைப் பாலசிங்கம் தானே திறந்து, உள்ளேயிருந்த திருகாணியை அரைச் சுற்று இறுக்கினான். விளக்கு பளீரென்று எரிந்தது. பெட்டியை மூடி, ஸ்ரியறிங்கில் திருநீறு பூசி, அதை மறந்தும்போனான்.

மாதக் கணக்கில் நின்ற பற்றறித் தண்ணீர் அதன்பிறகு ஒரு கிழமையில் வற்றியது. மூடிகளைச் சுற்றி ஈரமும் புளித்த நெடியும். பல்பு இரண்டு அடுத்தடுத்துக் கருகின. கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள், மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டுந்தான் வந்தது. பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையும் இறங்கித் தள்ளினார்.

"பாலசிங்கத்தாரின்ரை காரிலை போறதெண்டால் சோறு கொஞ்சம் கூடச் சாப்பிட்டிட்டு வரவேணும். தள்ளப் பெலன் வேணுமே!" என்று சந்தியில் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று பின்னேரம் பட்டணத்தில் ஒரு மெக்கானிக் பற்றறிக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்தார். "தகட்டிலை வெள்ளை பூத்துக் கிடக்கு. உப்புத் தண்ணி விட்டனீரோ?" அவ்வளவுதான் கேட்டார்.

பாலசிங்கத்துக்குப் பொறி தட்டியது. இரண்டு மாதத்துக்கு முன் இராசமணியக்கா, 'பழைய சாடியிலை அடித்தண்ணிதான் கிடக்கு' என்று சொன்னவள். அப்படியிருந்தும் முழுப் போத்தலாகத்தானே கொண்டுவந்தாள்? இல்லையென்று சொல்லக் கூச்சப்பட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்திருக்கிறாள்!

அவன் வீடு திரும்பவும் அவள் புது மழைத்தண்ணீரோடு பொட்டுக்குள்ளால் வரவும் சரியாக இருந்தது.

"உந்த உப்புத் தண்ணியை நீங்களே வைச்சிருங்கோ அக்கா. என்ரை பிழைப்பைக் கெடுத்தது காணும்."

"என்ன தம்பி சொல்லுறாய்? இது மழைத்தண்ணி."

"புரட்டாசியிலை தந்ததும் மழையோ? கிணறு கலக்கேல்லையோ?"

அவள் வாய் திறக்குமுன் போத்தலை வாங்கி நிலத்தில் கவிழ்த்து ஊற்றினான். ஒழுங்கையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு அவள் பொட்டுக்குள்ளால் குனிந்து திரும்பினாள். மறுநாள் காலையில் பொட்டு இருந்த இடத்தில் பச்சைத் தடிகளாக வெட்டிய ஐந்து கிளுவைக் கதியால்கள் நெருக்கி நடப்பட்டிருந்தன.

கடையில் வாங்கிய வடித்த தண்ணீரும் கிழமைக்குள் வற்றியது. அவன் மனம் அப்போதே உறுத்தத் தொடங்கியது. ஆனாலும் வேலிப்பக்கம் போய் ஒரு சொல் சொல்ல நாக்கு எழவில்லை. நல்லதைச் சந்தேகிக்க நமக்கு ஒரு நிமிஷம் போதும்; சந்தேகித்தது பிழையென்று சொல்ல மாதங்கள் தேவைப்படுகின்றன.

மாசியில் ஒரு வாடகைக்கு ஊர்காவற்றுறை போனபோது கார் அங்கேயே படுத்துவிட்டது. கோவிலடியில் திருத்தகம் வைத்திருந்த சில்வெஸ்ரர் வேறொரு பற்றறியால் இயந்திரத்தை ஓடவிட்டு, மீற்றரின் இரு கம்பிகளையும் பிடித்தார்.

"பதினாலரை வோல்ற்றிலை நிக்கவேணும். பாரும், பதினேழைத் தாண்டுது. டைனமோ பற்றறியை அவிக்குது ஐசே! ஆர் இந்தத் திருகாணியை இறுக்கின புண்ணியவான்?"

"வெளிச்சம் காணாமல்..." என்று பாலசிங்கம் இழுத்தான்.

"வெளிச்சம் மங்கினது, காரின்ரை இரும்புச் சட்டத்திலை பூட்டின இந்த வயர் கடல்காத்திலை துருப்பிடிச்சதாலை. சுரண்டிப் பூட்டியிருந்தால் முடிஞ்சுது. நீர் பெட்டியைத் திருகி அடுப்பு மூட்டியிருக்கிறீர். தகடு வெந்துபோனால் பிறகு கரண்டைப் பிடிச்சு வைக்க ஏலாது, விடியச் செத்துக் கிடக்கும்."

"தண்ணியிலை உப்பு இருந்திருக்குமோ அண்ணை?"

"என்ன தண்ணி விட்டனீர்?"

"மழைத்தண்ணி. வேட்டியிலை பிடிச்சது."

சில்வெஸ்ரர் சிரித்தார். "அதைவிடத் திறம் தண்ணி கிடையாது. பிடிச்சுத் தந்தவைக்கு ஒரு கும்பிடு போடும்."

வீட்டுக்கு வந்ததும் பாலசிங்கம் நேரே வேலியடிக்குப் போனான். கதியால்கள் ஐந்தும் துளிர்த்திருந்தன. அசைத்துப் பார்த்தான், அசையவில்லை. ஒழுங்கையால் சுற்றிப் போனான்.

இராசமணியக்கா முற்றத்தில் பனங்கிழங்கைக் கீறி ஒடியலுக்குக் காயவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னான், திருகாணியையும் மறைக்கவில்லை.

"அப்ப பிழை பெட்டியிலையோ?" என்றாள். "அண்டைக்கு நான் சத்தியம் பண்ணியிருக்கலாம். ஒரு போத்தல் தண்ணிக்காகச் சிவனை இழுக்கப்படாது எண்டு விட்டிட்டன். புரட்டாசியிலை எனக்கு மருந்து கரைக்க வைச்ச தண்ணியைத்தான் உன்ரை போத்திலிலை நிரப்பினனான்."

அவள் குசினிக்குள் போய், துணியால் வாய்கட்டிய போத்தலொன்றைக் கொண்டுவந்தாள்.

"இந்த முறையும் பிடிச்சு வைச்சனான். ஆருக்கும் குடுக்க மனம் வரேல்லை. கொண்டுபோ."

"அக்கா, நான் அந்தக் கதியாலுகளைப் பிடுங்கிவிடட்டோ?"

அவள் வேலியைப் பார்த்தாள்.

"வேர் விட்டிட்டுது தம்பி. உயிர் பிடிச்சதை ஏன் பிடுங்குவான்? தண்ணி வேணுமெண்டால் ஒழுங்கையாலை வா."

போத்தலை இரு கையாலும் பிடித்துக்கொண்டு பாலசிங்கம் படலையைத் தாண்டி, ஒழுங்கையின் முடக்கால் திரும்பி, தன் வீட்டை நோக்கி நடந்தான். முன்பு நாலு எட்டில் அவள் வந்துபோன தூரம் அது.