நாலு இஞ்ச் மடிப்பு

சட்டை தேடிப் போனவள் திரைச்சீலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியின் உடல் ஒரு மணிக்கு வந்துவிடும் என்றார்கள். "நல்லதா ஒரு சட்டை பேன்ட் எடுத்து வைங்கக்கா" என்று சொல்லிவிட்டு நெட்டையன் வாடகை நாற்காலிகளை இறக்கக் கீழே போயிருந்தான். தம்பியோடு பதினோரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன். வியாழக்கிழமை மொட்டைமாடி மிஷின் ரூமில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தம்பியை முதலில் பார்த்ததும் அவன்தான். டீ குடிக்கக் கூப்பிடப் போயிருக்கிறான். "தூங்கறான்னு நெனச்சு திட்டிட்டேன்க்கா" என்று அதையே இரண்டு நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

படுக்கையறை பீரோவில் கம்பெனி யூனிபார்ம்தான் அடுக்கியிருந்தது. அதனால்தான் அவள் பக்கத்து அறையைத் திறந்தாள். போன வருஷம் அவள் வந்தபோது பழைய கேபிளும் அட்டைப்பெட்டிகளுமாகக் கிடந்த அறை. இப்போது சுவருக்கு இளம்பச்சை அடித்திருந்தது. ஒரு சின்னக் கட்டில், ஒரு மேசை, மேசைமேல் கூராகச் சீவி வைத்த பென்சில்கள். ஜன்னலில் மஞ்சள் துணியில் குட்டிக் குட்டிக் குருவிகள்.

துணியை அவளுக்குத் தெரியும். தைத்திருந்த விதத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. முப்பது வருஷம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவளுக்குக் கண் முதலில் போவது ஓரத்துக்குத்தான். கீழ்மடிப்பின் தையல் ஏறி இறங்கி, ஓர் இடத்தில் கிட்டத்தட்ட விரல் உயரத்துக்கு மேலே போய்விட்டுத் திரும்பி வந்தது. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் நூல் கொத்துக்கொத்தாகச் சிக்கிக் கிடந்தது. வலப்பக்கத் துணியிலும் அதே லட்சணம்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் நாலு பேர் வருவார்கள். இந்த அறைக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். அக்கா டெய்லர், தம்பி வீட்டுத் திரை இந்த அழகில் தொங்குகிறது என்பார்கள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து அவள் கைகளுக்கு வேலையில்லாமல் இருந்தது. இடப்பக்கத் துணியைக் கம்பியிலிருந்து உருவிக் கட்டிலில் போட்டு, பர்சில் எப்போதும் இருக்கும் அரை பிளேடை எடுத்தாள்.

பிரிப்பது அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. நாலு தையலுக்கு ஒன்றை அறுத்து, நூலை ஓர் இழுப்பு. மடிப்புக்குள்ளிருந்து நாலு இரும்பு வாஷர்கள் உருண்டு விழுந்தன. துணி பறக்காமலிருக்கக் கனம் வைத்திருக்கிறான். பரவாயில்லையே என்று நினைத்தாள். துணியில் நீலச் சாக்கால் போட்ட கோடு தெரிந்தது. தையல் அந்தக் கோட்டின் மேலேயே போயிருந்தது. கோடே கோணல். மெக்கானிக் என்று பெயர், ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடத் தெரியவில்லை.

இரண்டு மாதம் முன்பு இந்தத் துணியோடுதான் அவள் கடைக்கு வந்தான். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். வெட்டுப்பலகை தெரியாத அளவுக்கு யூனிபார்ம் குவிந்திருந்தது.

"அக்கா, மேனேஜரம்மா ரூமுக்கு கர்ட்டன் வேணுமாம். துணிகூட அவங்களே செலக்ட் பண்ணிட்டாங்க" என்றான். ஒன்பது வயது மகளை அப்படித்தான் சொல்வான். மாதத்தில் இரண்டாவது சனி, நாலாவது சனி வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, செருப்பு கலைந்து கிடப்பதற்குக் கண்டித்துவிட்டுப் போகிற மேனேஜர்.

"எனக்கு இப்ப மூச்சு விட நேரமில்ல."

"நீ தைக்க வேணாம்க்கா. ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடு. நானே தைக்கறேன். நெட்டையன் வீட்டுல மிஷின் இருக்கு."

அவள் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு சட்டைக் கையைப் பொருத்திக்கொண்டே சொன்னாள்.

"ஏன்டா, மாசத்துல ரெண்டு நாள் வர்ற புள்ளைக்கு ஒரு ரூமு, அதுக்கு ஒரு கர்ட்டனு. அதுவும் இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? அது வளரும், ஃப்ரெண்ட்ஸுன்னு போகும், அப்புறம் அவங்கம்மா ஒரு சாக்கு சொல்லுவா. நீ ஜன்னலுக்கு ஜோடிச்சுட்டு உக்காந்திரு."

அவன் சிரித்தான். அவனுக்குக் கோபம் வந்தாலும் சிரிப்பு, வராவிட்டாலும் சிரிப்பு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி, "கீழ எத்தனை இஞ்ச் மடிக்கணும்? அதையாச்சும் சொல்லு" என்றான்.

"நாலு."

அப்போதும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. போன வாரம் ஒருமுறை போன் செய்தான். நூல் அடியில் சிக்குகிறது என்றான். கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். "ஊசியை மாத்திப் பாரு" என்று வைத்துவிட்டாள். அடியில் சிக்கினால் அது ஊசியால் இல்லை, மேல்நூலைச் சரியாகக் கோக்காததால். அவளுக்கு அது தெரியும். அன்றைக்கு வாயில் வந்ததைச் சொன்னாள்.

கடைசித் தையலையும் பிரித்து முடித்தபோது ஹாலில் குரல் கேட்டது. தம்பியின் மனைவி வந்திருந்தாள். பிரிந்து போய் இரண்டு வருஷம் ஆகிறது. வெள்ளைச் சட்டை போட்ட மகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். சிறுமி யாரையும் பார்க்காமல், செருப்பை ஓரமாகச் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு, நேரே தன் அறைக்கு வந்தாள்.

ஜன்னலைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

"இதை யாரு அத்தை பிரிச்சது?"

"நான்தான்டா. கோணலா இருந்துச்சு. அத்தை நேரா தைச்சுத் தரேன்."

"கோணல் இல்ல." சிறுமி துணியின் பக்கத்தில் உட்கார்ந்து நீலக் கோட்டில் விரலை வைத்தாள். "நான் போட்டது. போன தடவை வந்தப்ப. அப்பா நாலு இஞ்ச்ல புள்ளி வெச்சாரு. என்னை சேக்கச் சொன்னாரு. நான் குருவி பறக்கற மாதிரி சேத்தேன்."

அவள் பிளேடைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஸ்கேல் வெச்சு அழிச்சுப் போடவான்னு கேட்டேன். வேணாம், மேனேஜர் போட்ட கோட்டுல ஒரு நூல் தள்ளித் தைச்சாலும் எனக்கு வேலை போயிரும்னாரு. புதன்கிழமை போன்ல சொன்னாரு, ரெண்டும் முடிஞ்சது, சனிக்கிழமை வந்து செக் பண்ணுன்னு." விரல் மேலே ஏறிய இடத்தில் நின்றது. "இன்னைக்குத்தான் சனிக்கிழமை."

அவள் கட்டில்மேல் கிடந்த வாஷர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, சட்டை?" என்று நெட்டையன் ஓடிவந்தான்.

அப்போதுதான் நினைவு வந்தது. எழுந்து மறுபடி பீரோவைத் திறந்து, அடுக்கியிருந்த யூனிபார்மைக் கலைத்தாள். பின்னால் தம்பியின் மனைவி வந்து நின்றாள்.

"அங்க இருக்காது அண்ணி. நல்ல சட்டையெல்லாம் சூட்கேஸ்லதான் வெப்பாரு. கட்டிலுக்கு அடியில."

குனிந்து அவளே இழுத்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு நெட்டையனிடம் கொடுத்தாள்.

"மேல் பட்டனைப் போட்டுராதீங்க. அவருக்குப் பிடிக்காது."

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. கம்பெனியிலிருந்து இருபது பேர் வந்தார்கள். தம்பி லிப்ட் பார்க்கும் கட்டடங்களின் வாட்ச்மேன்கள் வந்தார்கள். எட்டாவது மாடியில் ஒருமுறை தான் இரண்டு மணி நேரம் லிப்டில் மாட்டிக்கொண்டதாகவும், அந்த இரண்டு மணி நேரமும் தம்பி கதவுக்கு வெளியே நின்று ஜோக் சொல்லிக்கொண்டே இருந்ததாகவும் ஒரு வயதானவர் சொல்லிச் சிரித்து, சிரிப்பின் நடுவிலேயே கண்ணைத் துடைத்தார். மயானத்துக்கு எல்லோரும் போனார்கள். சிறுமி அழவில்லை. அப்பாவின் சட்டைப் பையில் ஒரு பென்சிலைச் செருகினாள். "எப்பவும் வெச்சிருப்பாரு" என்றாள்.

திரும்பி வரும்போது மணி நாலு ஆகியிருந்தது. நாற்காலிகளை ஏற்றிவிட்டு நெட்டையனும் கிளம்பினான். தம்பி இரவல் வாங்கி வைத்திருந்த தையல் மிஷினை எடுத்துப் போக அவன் மனைவி நாளைக்கு வருவாள் என்றான்.

"நாங்களும் கெளம்பறோம் அண்ணி. இவ புக்கு, துணியெல்லாம் இங்க இருக்கு. எடுத்துக்கணும். வீட்டுக்காரர் அடுத்த மாசமே சாவி கேக்கறாராம்."

"ஒரு பத்து நிமிஷம் இரு" என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பிரிச்சதைத் தைச்சுக் குடுத்துடறேன்."

மிஷின் சமையலறை மேசைமேல் இருந்தது. மேல்நூல் ஒரு வளையத்தை விட்டுவிட்டுக் கோத்திருந்தது. அவள் நினைத்தது சரிதான். இதைப் போனில் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது. நூலைச் சரியாகக் கோத்து, துணியை மடித்து, வாஷர்களை உள்ளே வைத்து மிதித்தாள். சிறுமி மேசையில் முழங்கையை ஊன்றி நின்றாள்.

"அத்தை, வெளிய போகுது."

நின்று பார்த்தாள். கோட்டை விட்டு விலகித் தையல் நேராகப் போயிருந்தது. பிரித்தாள். மறுபடி மிதித்தாள். கோடு மேலே ஏறும் இடம் வந்ததும் கை தானாகத் துணியை நேராக்கியது. முப்பது வருஷமாக ஒரே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்ட கை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"மறுபடியும் போகுது அத்தை."

"தெரியுதுடா."

மூன்றாவது தடவை காலை எடுத்துவிட்டாள். சக்கரத்தைக் கையால் உருட்டி, ஒவ்வொரு தையலாக இறக்கினாள். தம்பியின் ஊசி போட்ட ஓட்டைகள் துணியில் இன்னும் இருந்தன. அந்த ஓட்டைகளிலேயே ஊசி இறங்கும்படி துணியை நகர்த்திக்கொண்டு போனாள். சில இடத்தில் அவன் அவசரமாகப் போயிருக்கிறான், ஓட்டைகள் தூரத் தூர இருந்தன. சில இடத்தில் நிதானமாக. மேலே ஏறும் வளைவில் ஓட்டைகள் நெருங்கி நெருங்கி, கோட்டை ஒரு நூல்கூட விடாமல் ஏறியிருந்தன. அங்கே எவ்வளவு நேரம் குனிந்திருந்தானோ. அவள் அந்த இடத்தைத் தாண்டக் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பத்து நிமிஷம் என்றது முக்கால் மணி நேரம் ஆனது. தம்பியின் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். பிறகு ஹாலில் போய் உட்கார்ந்தாள்.

முடிந்ததும் சிறுமி நாற்காலி போட்டு ஏறி அதைக் கம்பியில் கோத்தாள். கீழே இறங்கி, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். முன்பக்கம் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பின்பக்கத்தைத் திருப்பினாள். ஒன்றில் நூல் சீராக ஓடியது. மற்றதில் கொத்துக்கொத்தாகச் சிக்கிக் கிடந்தது. அந்தச் சிக்கலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்காடா?" என்று கேட்டாள் அவள்.

சிறுமி தலையாட்டினாள். மறுபடி நாற்காலியில் ஏறி, நூல் சிக்கிய வலப்பக்கத் துணியை மட்டும் உருவினாள். கட்டிலில் போட்டு மடித்துப் புத்தகப் பையில் வைத்தாள்.

"ரெண்டும் உன்னுதுதான். இதையும் எடுத்துக்கோ."

"வேணாம் அத்தை. இது போதும்."

முகத்தில் கோபம் எதுவும் இல்லை. குழந்தை யோசித்துத்தான் சொன்னது.

"சரி" என்றாள்.

தம்பியின் மனைவி வாசலில் நின்று, "கடையில நெறைய யூனிபார்ம் வேலைன்னு அவர் சொன்னாரு. எல்லாம் முடிஞ்சுதா அண்ணி?" என்று கேட்டாள். முடிந்து ஒரு மாதம் ஆகிறது என்றாள் அவள். லிப்ட் கதவு மூடிக்கொண்டது.

கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை. அவள் அறைக்குத் திரும்பி வந்தாள். ஜன்னலின் பாதி திறந்து கிடந்தது. சாயங்கால வெயில் அந்த வழியாக உள்ளே வந்து, கட்டிலின் தலைப்பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. கம்பியில் இருந்த ஒற்றைத் துணியைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்தாள். இந்தப் பக்கம் வெயில் வந்தது.