முயல் ஆண்டின் குதிரைகள்

பாடப்புத்தகத்தில் அது மூன்றே வரி. விலங்குப் பெயர் சூட்டி எண்ணும் பழைய கணக்கின் முயல் ஆண்டில் வந்த பனிப்பஞ்சத்தில் கசாக் புல்வெளியின் கால்நடைகள் லட்சக்கணக்கில் செத்தன. பரீட்சையில் ஒரு மதிப்பெண் கேள்வி. பிபினூர் பன்னிரண்டு வருஷமாக அந்த மூன்று வரியை நடத்தி வந்தாள். ஒரு தடவைகூட ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆனதில்லை.

அந்த ஜனவரியில்தான் பாடம் நகர மறுத்தது. முந்தின வாரம், பனி பெய்ய வேண்டிய நேரத்தில் மழை பெய்தது. மறுநாளே குளிர் இறுகியது. கோக்பெல் கிராமத்தைச் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலம் மொத்தமும் கண்ணாடி போட்ட மாதிரி ஆகிவிட்டது. அடியில் புல் கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆட்டின் வாய்க்கு எட்டவில்லை. உலர்ந்த புல் ஏற்றி வரும் லாரிகளுக்குச் சாலையும் இல்லை.

"டீச்சர், அதுங்க எப்படிச் செத்துச்சு? குளிர்லயா?" என்று கேட்டாள் ஒன்பதாம் வகுப்பு தனாகோஸ்.

"புஸ்தகத்துல இல்லாததக் கேட்டா மார்க்கு கிடைக்காது, உக்காரு" என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். வகுப்பு சிரித்தது.

தனாகோஸ் உட்காரவில்லை. "எங்கப்பாகிட்ட நானூறு ஆடு இருக்கு டீச்சர். நாலு நாளைக்குத்தான் புல்லு இருக்கு."

பிபினூருக்கு முகம் சுண்டிப்போனது. பதில் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து அருங்காட்சி அறையில், கண்ணாடி அலமாரிக்குள், அந்தக் காலத்து அதிகாரி ஒருவர் எழுதிய அறிக்கையின் நகல் கிடந்தது. வருஷா வருஷம் தூசி தட்டுகிறாள். வகுப்புக்கு மட்டும் கொண்டு வந்ததே இல்லை. காரணம், அதில் பைசாக் என்ற பெயர் வருகிறது. அவள் கணவர் வீட்டு முன்னோர் பெயர். அந்த வீட்டில் மருமகள் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லவே கூடாது, செத்து நூற்று நாற்பது வருஷம் ஆனவராக இருந்தாலும் சரி. மரியாதை என்ற பெயரில் நாம் பூட்டி வைக்கும் விஷயங்களுக்குக் கணக்கே கிடையாது.

அவள் போய்க் காகிதத்தை எடுத்து வந்தாள். தனாகோஸின் கையில் கொடுத்து, "முதல் பத்திய மட்டும் நீயே படி" என்றாள்.

"'ஆடுகள் குளிரால் சாகவில்லை. மழைக்குப் பின் இறுகிய பனித்தகட்டை உடைக்க முடியாமல், புல்லின் மேல் நின்றபடியே பட்டினியால் செத்தன. பைசாக்கின் ஆட்கள் மட்டும், பனி கிழிக்காதபடி குதிரைகளின் கால்களில் கம்பளித் துண்டு சுற்றி முன்னே விட்டார்கள். குளம்புகள் உடைத்த தடத்தில் ஆடுகள் மேய்ந்து பிழைத்தன.'"

தனாகோஸ் அந்தப் பத்தியைப் படித்து முடித்தபோது எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்கள். காகிதத்தில் இருந்த நிலம் அப்படியே வெளியே மின்னிக்கொண்டு கிடந்தது.

ஊரில் குதிரை வைத்திருப்பவர் கென்ஜெதாய், அவள் கணவரின் அண்ணன். எண்பது குதிரைகளும் கொட்டகையில் சொகுசாகத் தின்றுகொண்டிருந்தன. மத்தியானமே போய் அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, குதிரைங்கள வெளிய விடுங்க."

"எதுக்கு? சறுக்கி விளையாடவா?"

"பனியை உடைக்கறதுக்கு. உங்க நாலாவது தாத்தா அப்படித்தான் செஞ்சாரு. எழுதி வச்சிருக்காங்க."

"பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தது பத்தாதுன்னு என் குதிரைக்கும் எடுக்க வந்துட்டியா?" என்றவர், சட்டென்று தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மனப்பாடமாக இருந்த ஏழு தலைமுறைத் தாத்தாக்களின் பெயரை விரல்விட்டு எண்ணினார். நாலாவது விரலில் நின்றார். "எங்க பைசாக்கா? எங்க பைசாக் பேரு எழுத்துல இருக்கா?"

"இருக்கு மாமா."

மறுநாள் காலை, பிள்ளைகள் வீட்டுக்கு வீடு பழைய கம்பளியைக் கிழித்து எடுத்து வந்தார்கள். பழகிய குதிரைகளின் கால்களில் சுற்றிக் கட்டி முன்னே விட்டார்கள். மற்றவை பின்தொடர்ந்தன. முதல் குதிரை முன்னங்காலை ஓங்கி அடித்தது. பனித்தகடு விரிசல் விட்டது. பிறகு எண்பது குதிரைகளும் சேர்ந்து அடித்தபோது, வானத்தில் இடிக்க வேண்டியது மண்ணில் இடித்தது. பன்னிரண்டு வருஷம் ஒரு மதிப்பெண்ணுக்கு விற்ற பாடம் இதுவா என்று பிபினூருக்கு அழுகை வந்தது. கென்ஜெதாயின் ஆடுகள் உடைந்த தடத்தில் இறங்கிப் புல்லைக் கடித்தன.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து தனாகோஸின் அப்பா அம்ரே ஓடி வந்தார். "அண்ணே, நாளைக்கு எங்க பக்கமும் ஒரு தடவை…"

"காலப் பாருடா, ரத்தம். என் ஆட்டுக்கு உடைக்கவே சரியா இருக்கு. ஏதாச்சும் ஒண்ணு நொண்டியானா நீயா பாப்ப?"

அம்ரே திரும்பி நடந்தார். தனாகோஸ் அப்பாவைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்தாள்.

பிபினூர் காகிதத்தைப் பிரித்தாள். "மாமா, நேத்து உங்களுக்குப் பாதிதான் சொன்னேன்" என்றவள், ஊர் கேட்க உரக்கப் படித்தாள்:

"'அக்கரையிலிருந்து நாற்பது குடும்பங்கள் குதிரை கேட்டு வந்தன. கால் கெட்டுவிடும் என்று பைசாக் மறுத்தான். வசந்தத்தில் நான் போய்ப் பார்த்தபோது கூடாரங்கள் நின்றன, ஆட்கள் இல்லை.'"

நின்றிருந்த ஆண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். மருமகளே முன்னோர் பெயரை வாயால் சொல்லிவிட்டாள், அதுவும் இப்படிப்பட்ட வரியில்.

"அந்தப் பேரை நீ சொல்லக்கூடாது" என்றார் கென்ஜெதாய். குரலில் கோபம் பாதிதான் இருந்தது.

"தெரியும் மாமா. சொல்லாம இருந்ததாலதான் உங்களுக்கும் தெரியாமப் போச்சு."

அவர் வெகுநேரம் அக்கரையைப் பார்த்தார். அம்ரேயின் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"அக்கரைன்னா… இந்த அக்கரையா?"

"இதே ஆறுதான் மாமா."

கென்ஜெதாய் தொப்பியைக் கழற்றினார். யாருக்காகக் கழற்றினார் என்று யாரும் கேட்கவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு முன்குதிரையில் ஏறி உட்கார்ந்து, "டேய் அம்ரே! நாளைக்கு எதுக்குடா? இப்பவே பட்டியத் திற!" என்று கத்தினார்.

எண்பது குதிரைகளும் உறைந்த ஆற்றில் இறங்கின. பனிக்கு அடியிலிருந்து ஓர் ஓசை புறப்பட்டு, கரையோடு கரை ஓடி, நின்றவர்களின் நெஞ்சுக்குள் வந்து முட்டியது. நூற்று நாற்பது வருஷம் தாமதமாகத்தான் புறப்படுகின்றன, ஆனாலும் புறப்பட்டுவிட்டன என்று நினைத்தாள் பிபினூர்.

தனாகோஸ் குதிரைகளுக்கு முன்னால் விழுந்து எழுந்து ஓடினாள். பட்டிக் கதவை அவள்தான் இழுத்துத் திறந்தாள். குதிரைகள் மிதித்துக் கடந்ததும் நானூறு ஆடுகளும் வெளியே வந்து, உடைந்த பனிக்குள் தலையைத் தாழ்த்தின.