மணல் விழுங்கிய தாளம்

ஐப்பசியில் வந்த காய்ச்சல் ரத்தினசாமியின் உயிரை விட்டுவிட்டுக் காதுகளைக் கொண்டுபோனது. வலது காதருகே வாய் வைத்துக் கத்தினால் பேச்சு கேட்கும். மற்றதெல்லாம் கிணற்றுக்குள் தகரம் உருள்கிற இரைச்சல். வாத்தியார் சொல்வது விளங்காததால் சாயங்காலப் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டான். தோல் பதனிடும் ஷாப்பு வேலைக்குக் காது வேண்டியதில்லை. ஆனால் பஜனை கோஷ்டியின் டோலக்கை விட மட்டும் மனம் வரவில்லை. ஆம்பூரில் அவனை நாலு பேருக்குத் தெரியும் என்றால் அதனால்தான். தை மாதம் பாலாற்றில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவில் இந்த வருஷமும் தானே வாசிக்க வேண்டும். அதற்காகக் காது போன விஷயத்தைக் கோஷ்டியில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவன் எதையும் சோதிக்காமல் நம்பமாட்டான். தன்னை மட்டும் சோதித்த பிறகும் நம்பமாட்டான்.

வழி தோல் ஷாப்பில் கிடைத்தது. சாய்ந்த மரக்கட்டைமேல் ஈரத்தோலைப் போட்டு, நழுவாமல் வயிற்றால் அழுத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதையைச் சுரண்டுவது அவன் வேலை. ஒரு நாள் கத்தியின் ஓட்டம் கட்டை வழியாக வயிற்றுக்குள் ஏறுவதைக் கவனித்தான். நீளம், குட்டை, குட்டை. மறுபடி நீளம், குட்டை, குட்டை. அடுத்த கட்டையில் கவுஸ் பாஷா சுரண்டுவதுகூடப் பலகைத் தரை வழியாக அவன் குதிகாலுக்கு வந்தது.

"இன்னா தோஸ்த், தோலைச் சுரண்டச் சொன்னா தாலாட்டிக்கினு நிக்கிற?" என்று பாஷா அவன் காதில் கத்தினார்.

"தூங்கிடுச்சின்னா மேஸ்திரி மடியில போட்டுடலாம் பாய்."

பாஷா சிரித்தார். பிறகு, "காது இன்னும் பேஜார்தானா?"

"கொஞ்சம் கம்மி. சரியாயிடும் பாய்."

மார்கழி முழுவதும் அந்த வித்தையை வைத்தே ஓட்டினான். கோயில் கல் தரையில் பாடுகிறவர்கள் காலால் தட்டினால் அதிர்வு முதுகுத்தண்டில் ஏறும். முன்பாட்டுப் பாடும் சுந்தரமூர்த்தியின் முழங்காலோடு தன் முழங்காலை ஒட்டி உட்கார்ந்துகொள்வான். தெருவில் நடக்கும்போது கெட்டித்துப்போன மண் போதும். ஒரு நாளும் பிசகவில்லை. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

திருவிழாவன்று கோஷ்டி பாலாற்றில் இறங்கியதும் எல்லாம் போயிற்று. மணல் எல்லார் காலடியையும் விழுங்கியது. ஓர் அதிர்வும் அவனிடம் வரவில்லை. கண்ணால் பார்த்துத் தட்டினால் தாளம் மயிரிழை பிந்தும். வேறு வழியில்லாமல் தோல் ஷாப்புக் கத்தியின் ஓட்டத்தை வயிற்றுக்குள் நினைத்துக்கொண்டு தட்டினான். நீளம், குட்டை, குட்டை. நிமிர்ந்து பார்த்தால், ஜால்ராக்கள் எல்லாம் அவன் கையோடு ஒன்றாக மூடித் திறந்துகொண்டிருந்தன. கண் கலங்கிவிட்டது.

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. வேண்டுமென்றே ஒரு தட்டை விட்டான். ஜால்ராக்களும் விட்டன. பாட்டுக்குப் பொருந்தாத வேகத்தில் ஓட்டினான். சுந்தரமூர்த்தி கழுத்து நரம்பு புடைக்கப் பின்னாலேயே வந்தார். இழுத்தான், எல்லாரும் இழுத்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்போ கோபமோ இல்லை. நடக்கப் பழகும் குழந்தையின் காலைப் பார்ப்பதுபோல அத்தனை கண்களும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்படியானால் மார்கழி முழுவதும் கல் தரை வழியாக வந்தது அவர்கள் தாளம் இல்லை. அவன் போட்ட தப்பே அவர்கள் கால் வழியாக அவனிடம் திரும்பி வந்திருக்கிறது.

பாட்டு முடிந்ததும் டோலக்கைக் கழுத்திலிருந்து கழற்றினான். சுந்தரமூர்த்தி நேராக அவனுடைய வலது காதருகே குனிந்தார். எந்தக் காது என்று அவன் அவரிடம் சொன்னதே இல்லை.

"இன்னாடா ரத்தினம்?"

"கை வலிக்குதுண்ணா. சம்பத்து வாசிக்கட்டும்."

வேணாம், நீயே வாசி என்று ஒருவராவது சொல்வார் என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். ஒரு வாயும் அசையவில்லை. கோஷ்டியில் டோலக் பழகிக்கொண்டிருந்த சம்பத் தலையைக் குனிந்துகொண்டு டோலக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அடுத்த பாட்டு தொடங்கியது. கட்டை அழுத்திக் காய்த்துப்போன வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு ரத்தினசாமி மணலில் நின்றான். நீளம், குட்டை, குட்டை. ஜால்ராக்கள் சம்பத்தின் கையோடு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தன.