பன்னிரண்டாம் எண்ணின் காலை ஆறு மணி

நூறு வருடப் பழைய அந்த ஹோட்டலின் பன்னிரண்டாம் எண் அறையில், செத்துப் பத்தொன்பது வருடமான பொத்தான் வியாபாரி தினமும் காலை ஆறு மணிக்குத் தொலைபேசியை எடுத்து, "எழுந்துட்டேன்மா" என்பார். பிறகு மாடிப்படியில் நிதானமாக இறங்கும் சத்தம் கேட்கும், வாசல் கதவு திறந்து மூடும். அவரைப் பற்றி சர்வர்கள் ஆளுக்கொரு கதை கட்டியிருந்தார்கள். காதலி விஷம் வைத்தாள் என்பார் ஒருவர், கூட்டாளி கழுத்தை நெரித்தான் என்பார் இன்னொருவர். தங்க வருகிறவர்கள் காபி ஆறுவது தெரியாமல் வாயைப் பிளந்து கேட்பார்கள். உண்மை டெலிபோன் ஆபரேட்டருக்கு மட்டும்தான் தெரியும். யாரை எப்போது எழுப்ப வேண்டும் என்பதை அவள் இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் டம்ளர் கழுவியதில் 'பன்னிரண்டு, ஆறு மணி' அழிந்துபோனது. ஏழு மணிக்குத் தானாக விழித்த பொத்தான் வியாபாரி, ரயிலைப் பிடிக்க அரக்கப்பரக்க ஓடிவந்து, படியில் உருண்டு, அவள் மேஜைக்கு முன்னால் உயிரை விட்டார்.

அதற்குப் பிறகு அவள் ஒருநாள்கூட லீவு எடுக்காமல், தினமும் ஆறு மணிக்குப் பன்னிரண்டாம் எண்ணுக்கு மணி அடித்தாள். ஒருமுறை காய்ச்சலில் ஐந்து நிமிடம் பிந்தியதற்கே மேலே தடதடவென்று ஓட்டமும், படியில் ஆள் உருளும் சத்தமும் கேட்டன. ஆறு மணிக்கு முன் இடது கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடுவதில்லை. "நீ ஹோட்டலுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கே" என்று கணவர் கேலி செய்து அலுத்துப்போனார். வெளியூரில் இருந்த மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. "அம்மா, பயமா இருக்கு, வந்துடும்மா" என்று அவள் போனில் அழுதாள். இவளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்த ஆறு மணியை வேறு யாரிடமாவது ஒப்படைக்கலாம்தான், ஆனால் ஏன் தவறக் கூடாது என்று சொல்லியாக வேண்டும். அதற்கு வாய் வரவில்லை.

நான்காம் நாள் அவர் "எழுந்துட்டேன்மா" என்றதும் கொட்டிவிட்டாள்.

"சார், அன்னைக்கு உங்களை எழுப்ப மறந்தது நான்தான். இப்ப என் பொண்ணுக்குப் பிரசவம், நான் போகணும்."



"தெரியும்மா. நீயா சொல்லுவேன்னுதான் இத்தனை வருஷம் பார்த்தேன். போயிட்டு வா, நானே எழுந்துக்கறேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தியோடு வீடு திரும்பிய மறுநாள் காலை, சரியாக ஆறு மணிக்கு மகள் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"எழுந்துட்டேன்மா. மெதுவாத்தான் இறங்கறேன்."

"கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க சார்."

"யாரும்மா?" என்றாள் மகள்.

"பன்னிரண்டாம் நம்பர்" என்று சொல்லிவிட்டு, பேத்தியைக் குளிப்பாட்ட இரண்டு கைகளையும் வெந்நீரில் நனைத்தாள்.